இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை

கோப்பாய் தெற்கு,
08.02.2026

அன்புள்ள நிரோஜா அக்காவுக்கு,

தங்கை மதுரா எழுதுவது. அப்பா இருக்கிறார், நானும் இருக்கிறேன். லெஸ்டர் குளிரில் நீங்களும் அத்தானும் தனுசியாவும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று போன வெள்ளிக்கிழமை கோயிலில் நினைத்துக்கொண்டேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பீர்கள். போன் எந்த நேரமும் அப்பாவின் தலையணைக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறது. நீங்கள் எடுப்பீர்கள் என்று அதையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனால் குழறுவார். அவர் கேட்கக் கதைக்க முடியாத விசயம் இது. தட்டி அனுப்பலாம்தான். ஆனால் நீங்கள் உடனே கைகூப்பின படம் ஒன்றைப் போட்டு முடித்துவிடுவீர்கள். முன்வீட்டு அருந்ததி மாமியின் மகள் வியாழக்கிழமை லண்டனுக்குத் திரும்புகிறாள். முருங்கையிலைத் தூளோடு இதையும் அவளிடம் கொடுத்துவிடுகிறேன்.

நீங்கள் அனுப்பிய இருபத்திரண்டு நிமிடக் குரல் பதிவை இரண்டு தடவை கேட்டேன். பள்ளிக்கூடத்தில் எடுத்த ஐந்து வருட லீவு அடுத்த வருடம் முடிகிறது, ரீச்சர் வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு அங்கேயே தாதிப் படிப்புப் படிக்கட்டோ என்று என்னிடம் யோசனை கேட்டிருந்தீர்கள். பதினான்கு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தும் ஒருநாள்கூட வராத நிறைவு, இப்போது நீங்கள் பராமரிப்பு வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் மார்கரெட் என்ற அந்தக் கிழவி உங்கள் கையைப் பிடித்தபடி கண்ணை மூடினபோது வந்தது என்றீர்கள். “நான் எதுக்குப் பிறந்தனான் எண்டு அண்டைக்குத்தான் விளங்கினது, மதுரா.” கடைசியில் எனக்கும் ஒரு புத்தி சொன்னீர்கள். “நீயும் வீட்டுக்குள்ளையே கிடந்து மனசைப் பாழாக்காதை. உனக்கு என்ன வேலை பிடிக்கும் எண்டு ஆறுதலாய் இருந்து யோசி.”

யோசித்தேன். அதிக நேரம் எடுக்கவில்லை.

யாகோப்பு சேரின் நில அளவை அலுவலகத்தில் ஏழு வருடம் நின்றேன் அல்லவா? முதலில் படம் கீறுகிற வேலை. பிறகு சேர் என்னையும் காணிகளுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அப்பாவுக்கு அது பிடிக்கவேயில்லை. “மூத்தவள் ரீச்சர். இளையவள் பத்தைக்குள்ளை காணிக்கல்லுத் தேடுறாள்” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். நீங்கள் சிரிப்பீர்கள். நானும் சிரிப்பேன்.

உங்களுக்கு ஒருநாளும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். வலிகாமம் வடக்கில் ஆமி விட்டுக்கொடுத்த காணி ஒன்றுக்குப் போனோம். இருபத்தேழு வருடத்துக்குப் பிறகு சொந்தக்காரி வந்து நிற்கிறா. வீடு இல்லை, வேலி இல்லை, கிணறு தூர்ந்துபோய்விட்டது, ஒழுங்கை எந்தப் பக்கம் போனது என்றுகூடத் தெரியவில்லை. ஆளுயரத்துக்குப் பற்றை. காணி உறுதியோடு இருந்த பழைய படத்தை வைத்து நான்தான் கணக்குப் பார்த்தேன். இதில் கிண்டுங்கள் என்று காலால் காட்டினேன். ஒன்றரை அடி ஆழத்தில் மண்வெட்டி எல்லைக்கல்லில் முட்டியது. அந்த மனிசி அழவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கல்லுக்குப் பக்கத்தில் நின்று, “இதிலை நிண்டால் குசினி அந்தப் பக்கம்” என்று கையை நீட்டினா. அன்று வீட்டுக்குச் சைக்கிளில் வரும்போது எனக்குப் பசிக்கவேயில்லை. நீங்கள் மார்கரெட் கிழவியைப் பற்றிச் சொன்னது எனக்கு விளங்குகிறது, அக்கா. மெய்யாகவே விளங்குகிறது.

நீங்கள் போய் எட்டாம் மாதம் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. “ஆறு மாசம் பார் மதுரா, பிறகு நான் ஒரு ஒழுங்கு செய்யிறன்” என்றீர்கள். நான் வேலையை விட்டேன். வருகிற மாதத்தோடு மூன்று வருடம். இதற்குள் மூன்று கலியாணப் பேச்சுக்கால் வந்து திரும்பிப் போய்விட்டது. பெண் என்ன செய்கிறா என்று கேட்டால் அருந்ததி மாமி, “வீட்டிலை தேப்பனைப் பாக்கிறா” என்கிறா. அதோடு அவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிவிடுகிறார்கள்.

இப்போது யாகோப்பு சேர் கூப்பிட்டிருக்கிறார். வேலை குவிந்து கிடக்கிறதாம். மே முதலாம் திகதி வா, உரிமச் சோதனைக்கும் உன்னைப் பதிந்து விடுகிறேன் என்கிறார்.

அதனால் ஒன்று கேட்கிறேன். சித்திரையிலிருந்து மூன்று மாதம் வந்து அப்பாவோடு நில்லுங்கள். அதற்குள் நான் ஒரு பொம்பிளையைத் தேடிப் பிடித்துப் பழக்கிவிடுவேன். நீங்கள் இதே வேலையைத்தானே அங்கே செய்கிறீர்கள்? அப்பாவுக்கும் உங்களைக் கண்டால் உயிர் வரும்.

நீங்கள் கேட்ட யோசனைக்கு என் பதில், ரீச்சர் வேலையைத் தாராளமாக விடுங்கள். பிடித்ததைச் செய்கிற மனிதர் எங்கள் வீட்டில் ஒருவராவது இருக்கட்டும். இருவராக இருந்தால் இன்னும் நல்லது.

முருகன் உங்களுக்குத் துணை நிற்கட்டும்.

அன்புத் தங்கை,
மதுரா


கோப்பாய் தெற்கு,
27.04.2026

அக்காவுக்கு,

சுகம் விசாரித்து எழுத இன்று மனம் இல்லை. குறை நினைக்க வேண்டாம், நினைத்தாலும் பரவாயில்லை.

என் கடிதத்துக்கு நீங்கள் அனுப்பிய பதிலை அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்துதான் கேட்டேன். உங்கள் குரல் என்றதும் அவர் போனைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். வருடத்துக்கு இருபத்தெட்டு நாள்தான் லீவு என்றீர்கள். அதையும் செப்டெம்பரில் தொடங்கும் படிப்புக்கு வைத்திருக்கிறேன் என்றீர்கள். பிறகு, “பராமரிக்கிறதும் ஒரு தொழில்தான் மதுரா. மனம் வைச்சுச் செய்தால் உனக்கும் நிறைவு வரும். அப்பாவை நோயாளியாய்ப் பாக்காதை, ஒரு மனிசராய்ப் பார்” என்றீர்கள். அப்பா அதைக் கேட்டுத் தலையை ஆட்டினார்.

அன்றே ஒரு கோப்பும் வந்தது. பதினான்கு பக்கம். படுக்கைப் புண் வராமல் இருக்க நோயாளியை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டுமாம். அம்புக்குறி போட்டுப் படமும் இருக்கிறது. அதில் திருப்புகிறவர்கள் இரண்டு பேர். இங்கே நான் ஒருத்தி, அக்கா. மூன்று வருடமாகத் திருப்புகிறேன். என் முதுகு இப்போது நிமிராது. குனிந்தபடிதான் கோலம் போடுகிறேன், குனிந்தபடிதான் கும்பிடுகிறேன்.

சரி, வரமாட்டீர்கள் என்று விளங்கிக்கொண்டேன். நானே ஆள் தேடினேன். ஊரெழுவில் ஒரு பொம்பிளை பகலில் வந்து பார்க்கச் சம்மதித்தா. கடந்த புதன்கிழமை, இருபத்திரண்டாம் திகதி, அருந்ததி மாமியை அப்பாவுக்குப் பக்கத்தில் இருத்திவிட்டு, சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு, பச்சைச் சேலை உடுத்திக்கொண்டு, 750 பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போனேன்.

யாகோப்பு சேர் என்னைக் கண்டதும் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். “என்ன பிள்ளை இது? அக்கா எல்லாம் சொன்னவாவே” என்றார்.

என்ன சொன்னவா என்று கேட்டேன்.

“தேப்பன் இருக்கும்வரைக்கும் தங்கச்சியாலை ஏலாது, அவளுக்கு மறுத்துச் சொல்ல வெக்கம், நீங்கள் வேறை ஆளைப் பாருங்கோ எண்டு போன மாசமே போன் எடுத்தவா. என்ரை மகளுக்குப் படிப்பிச்ச ரீச்சர். நான் நம்பாமல் விடுவனோ?”

என் மேசையில் ஜெயனி இருந்தாள். கருவியை மூன்று காலில் நிறுத்தி மட்டம் பார்க்க நான்தான் அவளுக்குப் பழக்கினேன். இப்போது அவள் எழும்பி எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தாள். சேர் தலையைக் குனிந்துகொண்டு, “இனி அவளை எழுப்ப ஏலாது, பிள்ளை” என்றார். நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிவிட்டேன்.

ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. எனக்குத் தெரியும். நான் வேலைக்குப் போனால் அப்பாவைப் பற்றி நீங்கள் யோசிக்க வேண்டி வரும். அங்கே ஒருவருக்கும் கையைக் கொடுக்க முடியாமல் போய்விடும்.

இனி நான் செய்ததைக் கேளுங்கள். ஒருவருக்கும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வரும்போது இரண்டு மணி. மாமி சோறு ஊட்டிவிட்டுப் போய்விட்டா. அப்பா வெளிக்குப் போய், அது முதுகு வரைக்கும் ஊறியிருந்தது. வழக்கமாகச் சுடுதண்ணி வைப்பேன், துவாய் எடுப்பேன், மூக்கைச் சுளிக்காமல் முருகா முருகா என்று கழுவுவேன். அன்று செய்யவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு அவருக்கு முன்னால் இருந்தேன். சேலைகூட மாற்றவில்லை. “மதுரா” என்றார். நான் எழும்பவில்லை. “மதுரா, எரியுது பிள்ளை” என்றார். பிறகு இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டத் தொடங்கினார். தட்டித் தட்டி ஓய்ந்து, பிறகு அழுதார். நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு மணி ஆனதும் எழும்பிக் கழுவினேன். உங்கள் கோப்பில் சொன்ன அதே இரண்டு மணித்தியாலம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். குளிப்பாட்டிப் பவுடர் போட்டு, பால்மா கரைத்துக் கொடுத்து, ஆள் சுகமாக இருக்கும்போது என்னை அவர் “நிரோ” என்றுதான் கூப்பிடுகிறார். நோகும்போது மட்டும்தான் மதுரா. முதலில் திருத்தினேன், பிறகு விட்டுவிட்டேன். வீடியோவில் நீங்கள் பார்க்கிற அந்தச் சிரிப்பு, நான் அதற்கு முன் ஒரு மணித்தியாலம் அவரைத் துடைத்துக் கழுவியெடுத்த சிரிப்பு.

உங்களுக்குச் சீருடை இருக்கிறது. எட்டு மணித்தியாலம் முடிந்தால் அடுத்தவள் வருவாள். செத்துப்போகிறவள் உங்களுக்கு யாரோ. அதனால்தான் உன்னால் அன்பாக இருக்க முடிகிறது. உன் நிறைவும் என் நாற்றமும் ஒரே வேலைதான், அக்கா.

கோபத்தில் நீ என்று எழுதிவிட்டேன். வெட்டவில்லை.

மே மாதம் முழுவதும் தருகிறேன். வந்தால் அப்பா வீட்டில் இருப்பார். வராவிட்டால் நான் ஒரு முடிவு எடுப்பேன், அதை உங்களிடம் கேட்டு எடுக்கமாட்டேன். இதற்கும் கைகூப்பின படம் அனுப்ப வேண்டாம்.

மதுரா


கிளிநொச்சி,
05.07.2026

அன்புள்ள அக்காவுக்கு,

விலாசத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆம், நான் கோப்பாயில் இல்லை. வீட்டுத் திறப்பு அருந்ததி மாமியிடம் இருக்கிறது. கிணற்றடித் தென்னையில் தேங்காய் விழுந்தால் அவவே எடுக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

உங்கள் இலக்கத்தைப் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். அதற்கு முன் வந்த பதிவுகளையெல்லாம் கேட்டேன். அழுதீர்கள். “உனக்கு மனச்சாட்சி எண்டு ஒண்டு இருக்கோ?” என்றீர்கள். கனடாவிலிருந்து பஞ்சலிங்கம் சித்தப்பாவைப் போன் எடுக்கச் செய்தீர்கள். அவர் கால் மணித்தியாலம் தர்மம் கதைத்தார். அப்படியென்றால் நீங்கள் வந்து நில்லுங்கோ சித்தப்பா என்றேன், லைன் கட்டாகிவிட்டது. பிறகு அவர் எடுக்கவில்லை. மே முடிந்தது. நீங்களும் வரவில்லை.

ஜூன் பன்னிரண்டாம் திகதி, வெள்ளிக்கிழமை, அப்பாவைத் தொண்டைமானாற்றுப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தேன். அது நடந்த விதத்தை நீங்கள் அறிய வேண்டும். ஊரில் வேறு விதமாகக் கதைப்பார்கள்.

காலையில் குளிக்க வார்த்து, சவரம் செய்துவிட்டேன். நான் பையில் உடுப்பு அடுக்குவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். “எங்கை?” என்று கேட்டார். பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் மெல்ல மெல்ல விரிந்தது.

“நிரோ கூப்பிட்டவளோ?” என்றார்.

இல்லை அப்பா, உங்களை ஒரு இடத்தில் விடப்போகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் வாயில் வந்தது “ஓம்.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. அலுமாரியைத் திறக்கச் சொல்லி வெள்ளைச் சேட்டைக் காட்டினார். பாஸ்போட் எங்கே என்றார். அது முடிந்து ஒன்பது வருடம். எடுத்துக் கொடுத்தேன், சேட்டுப் பையில் வைத்து இடது கையால் பொத்திக்கொண்டார். கூலிக்குப் பிடித்த வான் வண்டியில் ஏற்றும்போது அருந்ததி மாமி வாசலில் நின்று அழுதா. “அழாதை, போய்க் காயிதம் போடுறன்” என்று அவவுக்குச் சொன்னார். மூன்று வருடத்தில் இவ்வளவு தெளிவாக அவர் கதைத்து நான் கேட்டதில்லை.

அச்சுவேலி தாண்டும்போது சாரதியிடம், “பலாலியாலையோ போறம், தம்பி? கெதியாய் விடு, பிளேன் போயிடும்” என்றார். அந்த மனிதன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

இல்லத்தில் கட்டிலைக் கண்டதும் இது என்ன என்று கேட்டார். இங்கேதான் தங்கிப் போக வேண்டும், விசா வரும் மட்டும் என்றேன். ஒரு பொய்க்குப் பிறகு மற்றப் பொய்கள் தாமாக வருகின்றன. “உவள் வேலையாய் இருப்பாள். நான் இருக்கிறன், நீ போ” என்றார். பிறகு ஒன்று சொன்னார். அதை எழுதத்தான் இந்தக் கடிதத்தை மூன்று நாளாகத் தள்ளிப்போட்டேன். “நீ நல்லாய்ப் பாத்தாய், மதுரா” என்றார். நோகாத நேரத்தில், சிரித்த முகத்தோடு, என் பெயரைச் சொல்லி. அப்படி ஒரு நாளுக்காக மூன்று வருடம் காத்திருந்தேன். அவரை விட்டுவிட்டுப் போகும்போது அது கிடைத்தது.

என் வேலையைப் பற்றிக் கேட்கமாட்டீர்கள், நானே சொல்கிறேன். இங்கே ஒரு நில அளவையாளரிடம் சேர்ந்திருக்கிறேன். பெரிய பதவி இல்லை, திரும்பவும் படம் கீறுவதிலிருந்து தொடக்கம். முதல் கிழமை கருவியை மட்டத்துக்குக் கொண்டுவரவே கை தடுமாறியது. போன செவ்வாய்க்கிழமை பரந்தன் பக்கம் வயல்காணி ஒன்று அளந்தோம். காலை எட்டு மணிக்கு கருவியின் வில்லையில் கண்ணை வைத்தேன். மத்தியானம் சாப்பாட்டுப் பார்சலை அவிழ்க்கும்போதுதான், நாலு மணித்தியாலமாக அப்பாவை ஒரு தடவைகூட நினைக்கவில்லை என்று தெரிந்தது. நான் முன்பு நினைத்துக்கொண்டிருந்த சந்தோசம் இல்லை அது. ஆனால் அந்த நாலு மணித்தியாலத்தை இனி நான் ஒருவருக்கும் கொடுக்கமாட்டேன்.

நேற்று இல்லத்திலிருந்து நிவேதனா போன் எடுத்தாள். அங்கே பொறுப்பாக இருக்கிற பிள்ளை. அப்பாவுக்குப் புண் ஒன்றும் இல்லை, இருவராகத்தான் திருப்புகிறார்களாம். ஆனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விடிந்ததும் வெள்ளைச் சேட்டைப் போடச் சொல்லிப் பிடிவாதம். வெள்ளி என்பது அவருக்கு எப்படித் தெரிகிறது என்றால், அன்றுதான் பக்கத்துக் கோயிலில் ஒலிபெருக்கி போடுகிறார்கள். நான் கூட்டிக்கொண்டு போனதும் வெள்ளி. அதனால் பயணம் வெள்ளிக்கிழமைதான் என்று பிடித்துக்கொண்டார். சக்கரக் கதிரையில் வாசலுக்குக் கொண்டுபோய் விடச் சொல்லி, பாஸ்போட்டைப் பொத்தியபடி இருப்பாராம். பொழுதுபட உள்ளே தள்ளிக்கொண்டு வந்தால், மற்றக் கட்டிலில் இருப்பவரிடம், “இண்டைக்கு மழை, அதுதான்” என்று சொல்வாராம். ஜூன் மாதத்தில் எங்கே மழை, அக்கா?

யார் இவருக்கு இப்படிச் சொன்னது என்று நிவேதனா கேட்டாள். மூத்த மகள் என்றேன். மன்னியுங்கள். அதையும் உங்கள் பெயரிலேயே போட்டுவிட்டேன்.

இல்லத்தின் இலக்கத்தைக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பின்நேரம் நாலு மணிக்கு எடுத்தால் போனை அவர் காதில் வைப்பார்கள். எப்ப பயணம் என்று கேட்பார். மெய்யைச் சொல்லி அவரை உள்ளே இருத்துவதா, பொய்யைச் சொல்லி வாசலில் இருத்துவதா என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் படித்தவர், இதையே தொழிலாக எடுக்கப்போகிறவர், உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒன்றே ஒன்றை மட்டும் உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். எந்தக் கிழமையைச் சொன்னாலும் வெள்ளிக்கிழமை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

செப்டெம்பரில் தொடங்கும் படிப்பு உங்களுக்குக் கைகூடட்டும். உங்கள் கை பட்டவர்கள் எல்லோரும் நோகாமல் போகட்டும்.

தங்கை,
மதுரா